மாடியில் கேட்ட கேள்விகள்: புரோகிராமர்கள் படிக்க வேண்டிய கணினி அறிவியல் பேப்பர்கள்

நாகர்கோவிலில் ஞாயிறு சாயங்காலம் எங்கள் வீட்டு மாடியில் ஏழெட்டுப் பேர் கூடி கணினி அறிவியல் பேப்பர்கள் படிக்கிறோம். பாதிப் பேர் தினமும் ரயிலேறி திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கு வேலைக்குப் போகிறவர்கள். மற்றவர்கள் இங்கேயே கடைகளுக்கும் சின்ன நிறுவனங்களுக்கும் மென்பொருள் எழுதுகிறவர்கள், இரண்டு பேர் கல்லூரியில் படிக்கிறவர்கள். புதிதாக வருகிற எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனதால் எழுதி வைத்துவிட்டேன்.

பேப்பர் என்று எதைச் சொல்கிறீர்கள்?

புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர், அதே துறையில் இருப்பவர்களுக்கு அதை விளக்கி எழுதுகிற கட்டுரை. இங்கே நாம் பேசப்போகிற பலவும் 3 பக்கத்திலிருந்து 15 பக்கத்துக்குள் முடிந்துவிடும். ஆய்வுக் கட்டுரை என்பதுதான் நல்ல தமிழ், ஆனால் மாடியில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

யூடியூபில் எல்லாம் இருக்கிறதே, பழைய பேப்பரை எதற்குப் படிக்க வேண்டும்?

டேட்டாபேஸில் டேபிள் போட எல்லோருக்கும் தெரியும். டேபிள் என்ற ஒன்றே இல்லாத காலத்தில் ஆட்கள் என்ன பாடுபட்டார்கள் என்று தெரியாது. நமக்கு விடை தெரியும், கேள்வி தெரியாது. வீடியோ போடுகிறவருக்கும் விடைதான் தெரியும், ஆகவே அதையே சொல்லித்தருகிறார்.

பேப்பரை எழுதியவருக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. அவர் எழுதிய நாளில் அதை விடை என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ‘தொல்லை இதுதான், இப்படியெல்லாம் செய்து பார்த்தார்கள், இந்த இடத்தில் இடிக்கிறது’ என்று முதல் இரண்டு பக்கம் வாதாடித்தான் ஆகவேண்டும். எனக்கு அந்த இரண்டு பக்கம்தான் முக்கியம். மீதியைப் பல சமயம் மேலோட்டமாகத்தான் பார்ப்பேன்.

எல்லோரும் படித்தே தீரவேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். பேப்பர் வாசனையே இல்லாமல் அருமையாக கோட் எழுதுகிறவர்களை மார்த்தாண்டத்திலேயே எனக்குத் தெரியும்.

சரி, எதில் தொடங்கலாம்?

கென் தாம்ப்ஸன், 1984, ‘ரிஃப்ளெக்ஷன்ஸ் ஆன் டிரஸ்டிங் டிரஸ்ட்’. மூன்றே பக்கம். யூனிக்ஸ் இயங்குதளத்துக்காக அவருக்கும் டென்னிஸ் ரிச்சிக்கும் கணினி அறிவியலின் பெரிய விருதான டூரிங் விருது, 1983க்கானது, கிடைத்தபோது ஆற்றிய உரை அது.

விஷயம் இதுதான். லாகின் புரோகிராமில் ஒரு கள்ள வழி வைக்கிறோம். கோட்டைப் படிக்கிறவர் கண்டுபிடித்துவிடுவார். ஆகவே அங்கே வைக்காமல், நாம் எழுதும் கோட்டை எந்திரம் ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றுகிற கம்பைலரில் வைக்கிறோம்: லாகின் புரோகிராமை கம்பைல் செய்யும்போதெல்லாம் கள்ள வழியைச் சேர்த்துவிடு என்று. இப்போது கம்பைலரின் கோட்டைப் படித்தால் மாட்டுவோம். அதற்கும் வழி இருக்கிறது. கம்பைலர் தன்னையே கம்பைல் செய்யும்போது, இந்த இரண்டு தந்திரங்களையும் புதிய கம்பைலருக்குள் போட்டுவிடும்படி செய்கிறோம். ஒரு தடவை கம்பைல் செய்தபின் கோட்டிலிருந்து எல்லாவற்றையும் அழித்துவிடலாம். கோட் சுத்தம், ஆனால் கள்ளம் தலைமுறை தலைமுறையாகப் போய்க்கொண்டே இருக்கும்.

முதல் தடவை இதைப் படித்தபோது எனக்கு வீட்டுத் தயிர்தான் ஞாபகம் வந்தது. பாலைக் காய்ச்சி ஆறவைத்து, நேற்றைய தயிரில் ஒரு கரண்டி உறை விட வேண்டும். நேற்றைய தயிரில் கெட்ட வாடை இருந்தால் இன்றைக்கும் வரும், நாளைக்கும் வரும். செய்முறையை எத்தனை தடவை வாசித்தாலும் வாடை எங்கிருந்து வந்தது என்று தெரியாது. செய்முறையில் தப்பே இல்லையே!

தன்னுடைய கோட்டைத் தானே அச்சடிக்கும் புரோகிராம் ஒன்றிலிருந்து தாம்ப்ஸன் தொடங்குவார். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு நீங்களே ஒன்றை எழுதிப்பாருங்கள். எனக்கு ஒரு ராத்திரி முழுக்கப் போனது.

தினசரி வேலைக்கு நேரடியாக உதவுகிற பேப்பர் ஒன்று சொல்லுங்கள், ஒன்றே ஒன்று.

டேவிட் பார்னஸ், 1972. ஒரு மென்பொருளை மாட்யூல்களாக, அதாவது தனித்தனிப் பகுதிகளாக, பிரிக்கும்போது எந்த அடிப்படையில் பிரிப்பது என்பதைப் பற்றியது, ஆறு பக்கம். இதைப் படிக்காமல் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் கடை ஒன்றுக்கு பில் மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். எடை போடு, தரம் பார், அன்றைய விலையால் பெருக்கு, வரியைச் சேர், ரசீது அடி. கடையில் வேலை எந்த வரிசையில் நடக்கிறதோ அதே வரிசையில் என் மாட்யூல்களும் இருந்தன. ரொம்ப இயல்பாக, அழகாகத் தெரிந்தது. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. அதுவரை வாட் என்று ஒரே தொகையாக இருந்த வரி, தமிழ்நாட்டுக்குள் விற்றால் இரண்டாகப் பிரிய வேண்டும், களியக்காவிளை தாண்டி கேரளாவுக்குப் போனால் ஐஜிஎஸ்டி என்று வேறு மாதிரி. வரிக் கணக்கு ரசீதில் இருந்தது, அன்றாட வரவில் இருந்தது, திரும்பி வந்த சரக்கில் இருந்தது, மாத அறிக்கையில் இருந்தது. பதினொரு இடத்தில் மாற்றினேன். பன்னிரண்டாவது, ஆடிட்டர் மேஜையில்தான் வெளியே வந்தது.

பார்னஸ் எடுத்துக்கொள்ளும் உதாரணம் சொல் அட்டவணை தயாரிக்கும் சின்ன புரோகிராம். அதை இரண்டு விதமாகப் பிரித்துக் காட்டுகிறார். ஒன்று, வேலை நடக்கும் வரிசையில்: உள்ளீடு, சுழற்றல், அகர வரிசை, வெளியீடு. நான் செய்தது அதேதான். இன்னொன்று, பின்னால் மாறக்கூடிய முடிவுகளை முதலில் பட்டியல் போட்டு, ஒவ்வொரு முடிவையும் ஒரு மாட்யூலுக்குள் ஒளித்துவைப்பது. உள்ளே வந்த லைன்கள் நினைவகத்தில் எப்படிக் கிடக்கின்றன என்பது ஒரே மாட்யூலுக்குத்தான் தெரியும், மற்றவை அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். இரண்டு விதத்திலும் புரோகிராம் ஓடும். வித்தியாசம், ஏதாவது மாறும்போதுதான் தெரியும். ஃப்ளோசார்ட்டைப் பார்த்து மாட்யூல் பிரிப்பது ஏறக்குறைய எப்போதுமே தப்பு என்று கறாராகவே சொல்லிவிடுகிறார்.

ஆப்ஜெக்ட், கிளாஸ், என்காப்சுலேஷன் என்று கல்லூரியில் மனப்பாடம் செய்தோமே, அதெல்லாம் எந்தக் கேள்விக்கு விடை என்று எனக்கு இந்த ஆறு பக்கத்தில்தான் புரிந்தது. கடைக்காரருக்கு ‘வரி’ என்று தனியாக ஒரு மாட்யூல் எழுதிக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை.

டேட்டாபேஸ் பற்றி?

எட்கர் காட், 1970. தரவை டேபிள்களாக வைக்கலாம் என்று சொன்ன பேப்பர். அவர் அப்போது ஐபிஎம்மில் இருந்தார். தரவு எந்திரத்துக்குள் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று பயனர் தெரிந்துவைத்திருக்கத் தேவை இருக்கக் கூடாது என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவார். அன்றைக்கு டேட்டாபேஸ்கள் மரம் போலக் கிளை பிரிந்து கிடந்தன. உதிரிபாகங்கள், அவை போகும் திட்டங்கள் என்ற ஒரே தகவலை ஐந்து விதமான மரமாக அடுக்கலாம் என்று காட்டுகிறார். ஒரு அடுக்குக்கு எழுதிய புரோகிராம் இன்னொன்றில் ஓடாது. பார்னஸ் கேட்ட கேள்வியேதான், இது தரவுக்கு. டேபிள்களிடம் கேள்வி கேட்கிற மொழியான எஸ்க்யூஎல் இந்தப் பேப்பரில் கிடையாது, அது நாலு வருஷம் கழித்து வேறு இருவர் கையால் வந்தது. பின்பாதியில் கணிதக் குறியீடுகள் வரும், பயந்தால் விட்டுவிடலாம்.

இரண்டாவது, சி. மோகனும் நான்கு சகாக்களும் 1992இல் எழுதிய ‘ஏரீஸ்’, பாதியில் விழுந்த டேட்டாபேஸை மீட்பது பற்றியது. இதை எடுத்தவுடன் படிக்க வேண்டாம், கிட்டத்தட்ட 70 பக்கம். கதையை மட்டும் சொல்கிறேன். 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் வந்ததே, அதே ரப்பர் கடையில் பில் பாதியில் இருக்கும்போது கரண்ட் போனது. யூபிஎஸ் பேட்டரி ஏற்கெனவே செத்திருந்தது. மரமும் கம்பமும் சாய்ந்து கிடந்ததில் ஒரு வாரத்துக்கு மேல் மின்சாரம் இல்லை. திரும்ப கம்ப்யூட்டரைப் போட்டபோது முடிந்த பில்கள் எல்லாம் இருந்தன, பாதிப் பில் மட்டும் இல்லை. கடைக்காரர் என்னைப் பாராட்டினார். பாராட்டு மோகனுக்குப் போக வேண்டியது. அங்கே ஓடிய எஸ்க்யூஎல் சர்வரின் மீட்பு முறை ஏரீஸ் வழியில் வந்தது.

எந்த மாற்றத்தையும் டேட்டா பக்கத்தில் எழுதும் முன் லாக்கில், அதாவது நடப்பதை வரிசையாகக் குறித்துவைக்கும் கோப்பில், எழுதிவிட வேண்டும். விழுந்து எழுந்தபின் மூன்று நடை: எது பாக்கி என்று பார்ப்பது, நடந்ததை எல்லாம் அப்படியே மறுபடி செய்வது, முடியாமல் நின்றதை அழிப்பது. எப்படியும் அழிக்கப்போகிற வேலையையும் ஏன் ஒரு தடவை மறுபடி செய்ய வேண்டும் என்று கேள்வி வருகிறதா? அதற்குத்தான் பேப்பரைப் படிக்க வேண்டும்.

டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம் என்றாலே தலை சுற்றுகிறது.

பல கம்ப்யூட்டர்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிச் சேர்ந்து வேலை செய்வதுதான் அது. லெஸ்லி லாம்போர்ட், 1978. எட்டுப் பக்கம். எங்கள் மாடியில் மூன்று ஞாயிறு ஓடியது இதற்குத்தான்.

கம்ப்யூட்டர்களுக்குப் பதில் படகுகளை நினைத்துக்கொள்ளுங்கள். தூத்தூர்க்காரர்கள் ஆழ்கடலுக்குப் போனால் வாரக் கணக்கில் திரும்ப மாட்டார்கள். இரண்டு படகு, ஒவ்வொன்றிலும் ஒரு கடிகாரம், இரண்டும் ஒன்றாக ஓடாது. ஒரு படகில் ‘4.10க்கு வலை போட்டோம்’ என்று குறிப்பு, இன்னொன்றில் ‘4.05க்கு மீன் கூட்டம் பார்த்தோம்’ என்று குறிப்பு. எது முதலில் நடந்தது? கடிகாரத்தை நம்பிச் சொல்ல முடியாது. ஆனால் சில விஷயங்களை அடித்துச் சொல்லலாம். ஒரே படகுக்குள் எது முதல், எது பிறகு என்று அந்தப் படகுக்குத் தெரியும். வயர்லெஸ்ஸில் ஒருவர் சொன்னதை இன்னொருவர் கேட்டிருந்தால், சொன்னது முதல், கேட்டது பிறகு. இந்த இரண்டையும் கோத்துக்கொண்டே போகலாம். கோக்க முடியாத இரண்டு நிகழ்ச்சிகளில் எது முதல் என்ற கேள்விக்கே அர்த்தமில்லை, அவை உடன்நிகழ்வுகள்.

லாம்போர்ட் சொல்வது இவ்வளவுதான். அப்புறம் இதை எண்ணாக்குகிறார். ஒவ்வொரு படகும் ஒரு எண்ணை வைத்துக்கொள்ள வேண்டும், ஏதாவது நடந்தால் ஒன்று கூட்ட வேண்டும், செய்தி அனுப்பினால் எண்ணையும் சேர்த்து அனுப்ப வேண்டும். செய்தி வந்தால் தன் எண்ணை அதற்கும் மேலே ஏற்றிக்கொள்ள வேண்டும். கடிகாரமே இல்லாமல் வரிசை கிடைத்துவிடுகிறது. எண் சமமாக வந்தால் படகின் பதிவு எண்ணைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம்.

முதல் ஞாயிறு எல்லோரும் ‘இது தெரிஞ்சதுதானே’ என்றார்கள். இரண்டாவது ஞாயிறு குளச்சல் பையன் ஒருவன், அவன் அப்பா விசைப்படகில் போகிறவர், ஒன்று கேட்டான்: “அண்ணா, சின்ன எண் இருந்தா அது முதல்ல நடந்ததுன்னு அர்த்தமா?” இல்லை. முதலில் நடந்திருந்தால் எண் சின்னதாக இருக்கும், அவ்வளவுதான். திருப்பிப் போட்டால் நிற்காது. அந்த ஒரு கேள்வியில் மூன்றாவது ஞாயிறும் போனது.

எனக்கு மேத்ஸ் வராதே?

மேலே சொன்னவற்றில் காட் பேப்பரின் பின்பாதியையும், நிஜக் கடிகாரங்களைப் பற்றிய லாம்போர்ட்டின் கடைசிப் பகுதியையும் தவிர எதற்கும் பத்தாம் வகுப்புக் கணக்குக்கு மேல் பெரிதாக வேண்டாம். எந்திரத்தால் எதைக் கணக்கிட முடியும், எதை முடியாது என்று பேசும் ஆலன் டூரிங்கின் 1936 பேப்பரை மட்டும் முதலில் எடுக்காதீர்கள். எல்லாப் பட்டியலிலும் முதலில் அதைத்தான் போடுவார்கள். மரியாதைக்குச் சரி, படிப்பதற்கு அது கரடுமுரடான பாதை. எங்கள் கூட்டமே ஒரு தடவை அதில் கலைந்து போயிருக்கிறது.

கோட்டூ (புரோகிராமின் வேறொரு இடத்துக்குத் தாவச் சொல்லும் கட்டளை) கூடாது என்று டைக்ஸ்ட்ரா எழுதியது?

1968, இரண்டு பக்கம்கூட நிறையாத கடிதம். அந்தச் சண்டைக்காரத் தலைப்பை வைத்தது டைக்ஸ்ட்ரா இல்லை, பத்திரிகையின் ஆசிரியராக இருந்த நிக்லாஸ் விர்த். தலைப்பை மட்டும் படித்துவிட்டுச் சண்டை போட்டவர்கள்தான் அதிகம். ஓடும்போது ஒரு புரோகிராம் எங்கே நிற்கிறது என்பதை மனசால் பின்தொடர நமக்குத் திறமை குறைவு, ஆகவே எழுதியிருப்பதும் ஓடுவதும் ஒன்றோடொன்று ஒட்டி நடக்க வேண்டும் என்கிறார். அந்தப் பத்தி இன்றைக்கு அசின்க் கோட், அதாவது ஒரு வேலை முடியும்வரை காத்திருக்காமல் அடுத்ததற்குப் போகும் கோட், எழுதுகிறவருக்கும் பொருந்தும்.

கூகுள், அமேசான் பேப்பர்கள்?

கூகுளின் 2004 மேப்ரெட்யூஸ், பெரிய தரவைப் பல எந்திரங்களுக்குப் பிரித்துக் கொடுத்துக் கணக்கிடும் முறை. படிக்க எளிது, சுவாரசியமானது. ஆயிரக்கணக்கான எந்திரங்கள் இருந்தால் தினம் ஏதாவது ஒன்று படுத்துவிடும், அதைச் சாதாரண விஷயமாக எடுத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். படித்துவிட்டுத் தோவாளைப் பூக்கடைக்கு எந்திரங்களைக் கூட்டமாகச் சேர்த்து கிளஸ்டர் போடக் கிளம்பாதீர்கள். உங்கள் தரவு ஒரு லேப்டாப்பில் அடங்கும்.

எனக்குப் பிடித்தது அமேசானின் 2007 டைனமோ, தரவைப் பல எந்திரங்களில் நகலாக வைக்கும் முறை. வாடிக்கையாளர் கூடையில் பொருள் போடும்போது எந்தக் காரணத்தாலும் ‘முடியாது’ என்று சொல்லக் கூடாது, அதுதான் நிபந்தனை. அதற்கு விலையாக, வேண்டாம் என்று நீக்கிய பொருள் எப்போதாவது கூடைக்குள் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கும். அதை ஒளிக்காமல் பேப்பரிலேயே சொல்கிறார்கள். எந்தப் பதிப்பு முந்தியது என்று பார்க்க அவர்கள் வைத்திருக்கும் வெக்டர் கடிகாரம் (ஒரே எண்ணுக்குப் பதில் எந்திரத்துக்கு ஒன்றாக எண்களின் பட்டியல்), லாம்போர்ட் கடிகாரத்தின் வாரிசு. குளச்சல் பையன் கேட்ட கேள்விக்கு விடையும் அதில் இருக்கிறது.

ஏஐ காலத்தில் இதெல்லாம் எதற்கு? ‘அட்டென்ஷன்’ பேப்பரைப் படித்தால் போதாதா?

இன்றைய ஏஐ மொழி மாதிரிகளுக்கு அடிப்படையான முறையைச் சொல்லி 2017இல் எட்டுப் பேர் எழுதியது அது. படியுங்கள். ஆனால் விடை மட்டும் இருக்கிற பேப்பர் வேண்டுமென்றால் அதுதான். அதற்கு முன் இருந்த முறைகள் தெரியாமல் படித்தால் சமையல் குறிப்பு போல இருக்கும்.

அதற்கு முன்னால் கிளாட் ஷானன் 1948இல் எழுதியதன் முதல் சில பக்கங்களைப் பாருங்கள். எழுத்துகளைக் குருட்டாம்போக்கில் போட்டால் எப்படி இருக்கும், எந்த எழுத்து எவ்வளவு வரும் என்ற விகிதம் பார்த்துப் போட்டால் எப்படி, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று பார்த்துப் போட்டால் எப்படி என்று படிப்படியாக ஆங்கிலம் போன்ற ஒன்றை உருவாக்கிக் காட்டுவார். கையில் இருந்தது புத்தகம்தான், ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து அடுத்த எழுத்தைத் தேடும் வேலை. நாங்கள் இதைத் தினசரித் தாளை வைத்துத் தமிழில் செய்தோம். ‘முதலமைச்சர்’ என்று தொடங்கியது நாலு சொல்லில் பிச்சிப்பூ விலையில் போய் முடிந்தது.

ஆங்கிலம் கஷ்டமாக இருக்கிறது. தமிழ் வழியில் படித்தேன்.

நானும் அப்படித்தான். எஸ். கேசவ் 2007இல் எழுதிய, பேப்பர் படிப்பது எப்படி என்ற இரண்டு பக்கப் பேப்பர் உதவும். மூன்று நடையாகப் படிக்கச் சொல்கிறார். முதல் நடையில் தலைப்பு, சுருக்கம், முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை மட்டும், பத்து நிமிஷம். இரண்டாவது நடையில் நிரூபணங்களை விட்டுவிட்டுப் படங்களையும் சாரத்தையும் பார்க்க வேண்டும், ஒரு மணி நேரம். மூன்றாவது நடையில் அந்தப் பேப்பரை நாமே எழுதுவதாக எண்ணிக்கொண்டு முழுசாக. மூன்றாவது நடைக்கு நாங்கள் போனது லாம்போர்ட்டுக்கும் பார்னஸுக்கும் மட்டும்தான்.

நான் சேர்த்துச் சொல்வது ஒன்று. முன்னுரையைப் படித்ததும் மூடிவைத்துவிட்டு ‘இவருக்கு என்ன தொல்லை?’ என்று தமிழில் மூன்று வரி எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் ஆங்கிலம் காரணமில்லை, விஷயம் இன்னும் பிடிபடவில்லை.

எங்கே கிடைக்கும்? காசு கட்ட வேண்டுமா?

ஏசிஎம் என்ற கணினித் துறையினர் அமைப்பு 1951 முதல் 2000 வரை தான் வெளியிட்டவற்றை 2022இல் இலவசமாகத் திறந்துவிட்டது. காட், பார்னஸ், லாம்போர்ட், தாம்ப்ஸன் எல்லாம் அதில் அடங்கும். புதியவை பெரும்பாலும் ஆய்வாளர்கள் பேப்பர்களை இலவசமாகப் போட்டுவைக்கும் ஆர்க்கைவ் தளத்திலோ எழுதியவரின் சொந்தப் பக்கத்திலோ இருக்கும். பேரையும் வருஷத்தையும் போட்டுத் தேடினால் போதும். ரயிலில் போனில் படிக்கிறவர்கள் உண்டு. செய்தித்தாள் போல இரண்டு பத்தியாகப் பிரித்த பக்கம் சின்னத் திரையில் கண்ணைப் பிடுங்கும். வடசேரியில் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்டர்வியூவில் கேட்பார்களா?

மாட்டார்கள்.

நம் நாட்டிலிருந்து ஏதாவது?

ஏரீஸ் மோகன் சென்னை ஐஐடியில் படித்தவர். இங்கேயே செய்த வேலை என்றால் 2002இல் கான்பூர் ஐஐடியிலிருந்து மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் வெளியிட்டது. ஒரு எண் பகா எண்ணா என்பதை, குருட்டு அதிர்ஷ்டத்தை நம்பாமல், நியாயமான நேரத்தில் உறுதியாகச் சொல்லிவிட முடியும் என்று நிரூபித்தார்கள். கயாலும் சக்சேனாவும் அப்போதுதான் பி.டெக் முடித்திருந்தார்கள். நிரூபணம் சின்னது, ஆனால் இதற்குக் கணக்கு வேண்டும். மேத்ஸ் வராது என்று கேட்டவர் மன்னிக்க.

பெரிய ஆட்கள் எழுதிய பேப்பரில் தப்பு இருக்குமா?

இருக்கும். டூரிங்கே 1936 பேப்பருக்குப் பின்னால் திருத்தம் வெளியிட்டார். இன்னும் நல்ல கதை நீதமும் ஷ்ரோடரும் 1978இல் எழுதியது. நெட்வொர்க்கில் இரண்டு பேர் ‘நீ நீதானா?’ என்று ஒருவரை ஒருவர் உறுதி செய்துகொள்ளும் முறை. 17 வருஷம் கழித்து, 1995இல், கேவின் லோ என்பவர் நடுவில் ஒருவன் புகுந்து ஆள்மாறாட்டம் செய்ய வழி இருப்பதைக் காட்டினார். ஒரு செய்தியில் ஒரு பெயரைச் சேர்த்தால் ஓட்டை அடைபட்டுவிடும்.

அடுத்த ஞாயிறு அதுதான். சாவி கொடுக்கும் சர்வரை விட்டுவிட்டால் மொத்தம் மூன்றே செய்திகள். முதலாவதில் அ, தன் பெயரையும் ஒரு ரகசிய எண்ணையும் ஆ மட்டும் திறக்கும்படி பூட்டி அனுப்புகிறார். ஆ அந்த எண்ணையும் தன்னுடைய எண் ஒன்றையும் அ மட்டும் திறக்கும்படி பூட்டித் திருப்புகிறார். அ, இரண்டாவது எண்ணை ஆ மட்டும் திறக்கும்படி பூட்டி ஆவுக்குத் திருப்பி அனுப்புகிறார். ஒரு தாளில் எழுதி, நடுவில் இ என்று ஒரு திருடனைப் போட்டு, எந்தச் செய்தியில் யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு வாருங்கள். லோ எழுதியதை அதற்கு முன்னால் படிக்க வேண்டாம். ஐந்து மணிக்கு, மட்டிப்பழம் இருக்கும்.